புல்லட் எஞ்சினின் கிராங்க் அறைக் காற்றோட்டம்

புல்லட் எஞ்சினின் கிராங்க் அறைக் காற்றோட்டம் என்பது, சென்னை திருவொற்றியூரில் தயாரிக்கப்பட்ட என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் அமைப்பு ஆகும். பட்டறைகளில் இது ‘பிரீதர்’ என்ற பெயரிலேயே அறியப்படுகிறது. விரல் பருமனுள்ள ஒரு ரப்பர் குழாய்தான் இதன் வெளித்தோற்றம். புல்லட்டின் எண்ணெய்க் கசிவு குறித்த புகார்களில் கணிசமானவை இந்தக் குழாயுடன் தொடர்புடையவை. இந்தியாவில் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு, இந்த எஞ்சினுடன் வேறு பல சாதனங்களும் சேர்ந்தன. அவற்றைப் பொருத்தியது, கழற்றியது, மாற்றியமைத்தது ஆகியவற்றின் வரலாறு, பழைய வடிவமைப்பு ஒன்று புதிய காற்றுச் சட்டங்களைச் சந்தித்த வரலாறாகும்.

எஞ்சின் மூச்சு விடும் முறை

எஞ்சினின் சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது எழும் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டன் வளையங்கள் எவ்வளவு நன்றாகப் பொருந்தியிருந்தாலும் சிறிதளவு வாயு அவற்றைக் கடந்து கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் நுழைகிறது. எரியாத பெட்ரோல் ஆவி, நீராவி, அமிலத்தன்மை கொண்ட எரிதல் விளைபொருட்கள் ஆகியவை இந்த வாயுவில் உள்ளன. கிராங்க் அறையில் தெறிக்கும் எண்ணெயின் நுண்துளிகளும் இதனுடன் கலக்கின்றன. இது வெளியேறாவிட்டால் எண்ணெய் விரைவில் கெடும். மூட்டுகளிலும் சீல்களிலும் எண்ணெய் கசியத் தொடங்கும்.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் இச்சிக்கல் பெரிது. 350 சிசி புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் பயணம் 90 மி.மீ., கொள்ளளவு 346 சிசி. பிஸ்டன் ஒவ்வொரு முறை கீழே இறங்கும்போதும் அதன் அடியிலுள்ள இடம் 346 சிசி குறைகிறது. மேலே ஏறும்போது அதே அளவு கூடுகிறது. நிமிடத்திற்கு 3000 சுற்றுகளில் இது ஒரு நொடிக்கு 50 முறை நடக்கிறது. அதாவது நொடிக்கு சுமார் 17 லிட்டர் காற்று கிராங்க் அறைக்குள் அமுக்கப்பட்டு, மீண்டும் விரிகிறது. நான்கு சிலிண்டர் கார் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் இறங்கும்போது இரண்டு ஏறுவதால் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ மாறுவதில்லை. ஒற்றைச் சிலிண்டருக்கு அந்த வசதி இல்லை.

வெறும் திறந்த குழாய் மட்டும் இருந்தால், பிஸ்டன் இறங்கும்போது வெளியே தள்ளப்படும் காற்று, அது ஏறும்போது தூசியுடனும் ஈரத்துடனும் திரும்ப உள்ளே வரும். இதனால் பழைய வடிவமைப்பாளர்கள் வெளியே மட்டும் திறக்கும் ஒருவழித் தடுப்பான் ஒன்றைப் பொருத்தினர். காற்று வெளியேறலாம், திரும்ப முடியாது. சில சுற்றுகளிலேயே கிராங்க் அறையின் சராசரி அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைந்துவிடும். வெளியே கசிய வேண்டிய எண்ணெய், உள்ளிழுப்பினால் உள்ளேயே நிற்கும்.

டாங்கியிலிருந்து காருக்கு

தொடக்ககாலக் கார்களில் கிராங்க் அறை வாயு, சாலையை நோக்கித் திறந்த ஒரு குழாய் வழியாக வெளியேறியது. வண்டி ஓடும்போது ஏற்படும் காற்றோட்டமே அதை உறிஞ்சியது. இரண்டாம் உலகப்போரின்போது ஆழமான நீரைக் கடக்க வேண்டிய டாங்கிகளில் இந்தத் திறந்த குழாய் ஆபத்தானது. அதன் வழியே நீர் புகுந்தால் எஞ்சின் பாழாகும். எனவே கிராங்க் அறை வாயுவை எஞ்சினின் காற்று உள்வாங்கும் பாதைக்கே திருப்பிவிடும் மூடிய அமைப்பு உருவாக்கப்பட்டது.

போருக்குப் பின், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சூழ்ந்த புகைமூட்டத்துக்கு வாகனங்களின் எரியாத பெட்ரோல் ஆவியும் காரணம் என்று வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். கட்டுப்பாடு ஏதும் இல்லாத காரிலிருந்து வெளியேறும் ஹைட்ரோகார்பனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கிராங்க் அறையிலிருந்தே வந்தது. டாங்கிகளுக்காக உருவான மூடிய அமைப்பு இதற்கு விடையாயிற்று. 1961 மாடல் முதல் கலிபோர்னியாவில் விற்கப்பட்ட புதிய கார்களிலும், 1963 மாடல் முதல் அமெரிக்கா முழுவதும் இது இடம்பெற்றது. வாகனங்களில் பரவலாகப் பொருத்தப்பட்ட முதல் மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனம் இதுவே. வினையூக்கி மாற்றி இதற்குப் பல ஆண்டுகள் கழித்தே வந்தது. மோட்டார் சைக்கிள்களுக்கு இவ்விதி தாமதமாக வந்தது. 1980 மாடல் முதல் புதிய மோட்டார் சைக்கிள்களின் கிராங்க் அறை வாயுவை வெளிக்காற்றில் விடுவதை அமெரிக்கா தடை செய்தது.

ஆவடித் தீர்மானமும் மாறாத எஞ்சினும்

இந்த மாற்றங்கள் நடந்த காலத்தில் புல்லட் எஞ்சின் ஏறத்தாழ மாறாமலேயே இருந்தது. அதன் காரணத்தை இந்தியத் தொழில் கொள்கையில் காணலாம். சென்னைக்கு மேற்கிலுள்ள ஆவடியில் 1955 ஜனவரியில் நடந்த காங்கிரஸ் மாநாடு, சோசலிச பாணி சமுதாயத்தை நாட்டின் இலக்காக அறிவித்தது. அடுத்த ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானமும், உரிமங்களும், இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் அந்தப் பாதையில் அமைந்தன. அதே 1955-இல்தான் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இந்திய ராணுவத்தின் புல்லட் கொள்முதல் இதற்கு வழிவகுத்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் திருவொற்றியூரில் பொருத்தப்பட்டன. 1957-இல் உற்பத்திக் கருவிகள் இந்தியாவுக்கு விற்கப்பட்டன. 1960-களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களும் உள்நாட்டிலேயே செய்யப்பட்டன.

உள்நாட்டு உற்பத்தி என்ற இலக்கு சென்னையின் மேற்குப் புறநகரையும் மாற்றியது. ஆவடியில் குழாய்த் தொழிற்சாலையும், 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியிட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், பாடியில் வாகன உதிரிபாக ஆலைகளும் அமைந்தன. கடைசல், துருவல், ரப்பர் வார்ப்பு ஆகிய வேலைகளில் தேர்ந்த ஒரு தலைமுறை இப்பகுதியில் உருவாயிற்று.

போட்டியில்லாத சந்தை இக்கொள்கையின் மறுபக்கம். ஜாவா, ராஜ்தூத் தவிர புல்லட்டுக்குக் குறிப்பிடத்தக்க போட்டி இல்லை. இங்கிலாந்து நிறுவனம் 1970-இல் உற்பத்தியை நிறுத்திய பின்னும் திருவொற்றியூர் ஆலை 1940-களின் இறுதியில் உருவான எஞ்சினையே தொடர்ந்து தயாரித்தது. வார்ப்பிரும்புச் சிலிண்டர், தனிப் பற்சக்கரப் பெட்டி, முன்னும் பின்னும் நகரும் எண்ணெய்ப் பம்புகள் ஆகியவை அதன் அடையாளங்கள். காற்றோட்டமும் அந்தக் காலத்தையே சேர்ந்தது.

எஃகுத் தகடு முதல் வாத்து மூக்கு வரை

ரெட்டிச் காலத்து அமைப்பில், கிராங்க் அறையின் இடப்புறத்தில் ஒரு சிறு கூட்டுக்குள் மெல்லிய எஃகுத் தகடு இருந்தது. அது துளைகளின் மேல் படிந்து ஒருவழித் தடுப்பானாகச் செயல்பட்டது. தகட்டில் அழுக்கு படிந்தால் அது சரியாக மூடாது. கிராங்க் அறையில் வெற்றிடம் குறைந்தால் எண்ணெய் மேலேறிப் புகை வரும், பிளக்கும் எண்ணெயில் நனையும் என்று நிறுவனத்தின் பணிமனைக் கையேடே எச்சரித்தது.

பிற்கால இந்தியப் புல்லட்டில், வாயு ஒரு குழாய் வழியே சிறு உலோகக் குப்பிக்குச் சென்றது. எண்ணெய் அங்கே படிந்து பிரிய, வாயு வெளியேறியது. குழாயின் நுனியில் வாத்தின் அலகு போன்ற ரப்பர் மூக்கு பொருத்தப்பட்டது. உள்ளிருந்து அழுத்தம் வந்தால் அதன் உதடுகள் திறக்கும். உறிஞ்சல் வந்தால் ஒட்டிக்கொள்ளும். மலிவானது, எளிதில் மாற்றக்கூடியது. ஆனால் வெயிலிலும் எண்ணெயிலும் ரப்பர் இறுகிவிடும். இறுகிய மூக்கு திறந்தே நின்றால் வெற்றிடம் போய்விடும். ஒட்டிப்போனால் அழுத்தம் ஏறிவிடும். இரண்டிலும் முடிவு எண்ணெய்க் கசிவே.

இதற்கு ஒத்த இன்னொரு குறையும் உண்டு. புல்லட்டின் எண்ணெய்த் தொட்டி கிராங்க் அறையின் பின்னால், அதே வார்ப்பில் அமைந்துள்ளது. வண்டி பல நாள் நின்றால் எண்ணெய் பம்பு வழியே மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் சேரும். அடுத்த முறை கிளப்பும்போது அந்த மிகை எண்ணெய் பிரீதர் வழியே துப்பப்படும். இதைக் கண்டு கேஸ்கட்டை மாற்றினால் பயனிருக்காது. பழுதான பம்பைச் சரிசெய்வதும் தடுப்பானைப் புதுப்பிப்பதுமே இதற்குத் தீர்வு.

பந்தயத் தளங்கள்

எஞ்சினின் வேகம் கூடும்போது வளையங்களைக் கடக்கும் வாயுவும் கூடுகிறது. பந்தயத்தில் பிரீதர் துப்பும் எண்ணெய் பின்சக்கரத்தில் பட்டால் ஓட்டுநர் வழுக்கி விழுவார். தளத்தில் சிந்தினால் பின்னால் வருபவர்களும் விழுவார்கள். எனவே பிரீதர் குழாயை ஒரு சேகரிப்புக் குப்பியில் முடிப்பதைப் பன்னாட்டு மோட்டார் சைக்கிள் பந்தய விதிகள் கட்டாயமாக்கின. எஞ்சின் குழாய்க்கான குப்பி 500 சிசி அளவாவது இருக்க வேண்டும் என்பது அவற்றில் நன்கு அறியப்பட்டது.

சென்னையில் 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், செங்குன்றத்தை அடுத்த சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. பின்னர் பூந்தமல்லிக்கு அப்பால், பெங்களூரு நெடுஞ்சாலையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத்தளம் 1990-இல் வந்தது.

1980-களில் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, ராஜ்தூத் 350 போன்ற இருவீச்சு வண்டிகளுக்கு இந்தச் சிக்கல் வேறு வகையானது. இருவீச்சு எஞ்சினில் கிராங்க் அறையே பெட்ரோல் கலவையை உறிஞ்சிச் சிலிண்டருக்கு அனுப்பும் பம்பு. எனவே அங்கே பிரீதருக்கு இடமில்லை. எண்ணெய் பெட்ரோலுடன் சேர்ந்து எரிந்து, புகையாகச் சைலன்சர் வழியே வெளியேறும். மாசு விதிகள் முதலில் நெருக்கியது இந்த வகையைத்தான்.

இந்தியாவின் உமிழ்வு விதிகள்

பெட்ரோல் வாகனங்களுக்கான உமிழ்வு வரம்புகள் இந்தியாவில் 1991-இல் வந்தன. அப்போது இருசக்கர வாகனம் கிலோமீட்டருக்கு 12 முதல் 30 கிராம் வரை கார்பன் மோனாக்சைடு வெளியிடலாம். 1996-இல் இது 4.5 கிராம், 2000-இல் 2 கிராம், 2005-இல் 1.5 கிராம், 2010-இல் 1 கிராம் எனக் குறைந்தது. ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சேர்ந்த வரம்பு 2000-க்குப் பின் இதே எண்களில் இறங்கியது.

வார்ப்பிரும்பு எஞ்சினால் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1994-இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்த நிறுவனம், ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்துடன் சேர்ந்து அலுமினியச் சிலிண்டர் கொண்ட, மெலிந்த கலவையில் எரியும் எஞ்சினை 1990-களின் இறுதியில் உருவாக்கியது. 2002-இல் வந்த தண்டர்பேர்டு இந்த எஞ்சினைக் கொண்டது. இக்காலத்து வண்டிகளில் ‘பிஏவி’ எனப்படும் காற்று வால்வு அறிமுகமானது. புகைபோக்கியில் எழும் உறிஞ்சல் துடிப்பைப் பயன்படுத்தி, எரிந்த சூடான வாயுவுடன் புதிய காற்றைக் கலப்பது இதன் வேலை. எஞ்சினுக்குள் எரியாமல் தப்பிய கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் வெளியேறும் வழியிலேயே எரிந்துவிடும்.

அடுத்த மாற்றத்துக்கு ஐரோப்பியச் சந்தையின் விதிகள் தூண்டுதலாக இருந்தன. எஞ்சினும் பற்சக்கரப் பெட்டியும் ஒரே கூட்டில் அமைந்த புதிய 500 சிசி எஞ்சின், மின்னணு எரிபொருள் செலுத்தலுடன் 2008-இல் ஜெர்மனியில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டு இந்தியாவுக்கு வந்தது. இதில் கிராங்க் அறை வாயு காற்று வடிகட்டிப் பெட்டிக்குச் சென்று மீண்டும் எஞ்சினில் எரிந்தது. டாங்கியில் தொடங்கிய மூடிய அமைப்பு இவ்வாறு புல்லட்டை அடைந்தது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 4 விதிகள் பெட்ரோல் தொட்டியிலிருந்து எழும் ஆவிக்கும் வரம்பு விதித்ததால் கரித்துகள் குப்பி சேர்ந்தது. 2020 ஏப்ரலின் பி.எஸ். 6 விதிகளுடன் 500 சிசி புல்லட்டின் இந்திய விற்பனை முடிந்தது. 350 சிசியில் கார்புரேட்டரின் காலமும் முடிந்தது.

பட்டறை மாற்றங்கள்

பழைய புல்லட்டுகளில் செய்யப்படும் மாற்றங்களை அவற்றின் விளைவைக் கொண்டு இரண்டாகப் பிரிக்கலாம்.

எஞ்சினைக் காப்பவை முதல் வகை. இறுகிய ரப்பர் மூக்கை மாற்றுவது, அதற்குப் பதில் மெல்லிய நாக்குகள் கொண்ட ரீட் வால்வைப் பொருத்துவது ஆகியவை இதில் அடங்கும். காரின் பிரேக் பூஸ்டரில் உள்ள ஒருவழி வால்வை இந்த வேலைக்குப் பயன்படுத்துவது உலகெங்கும் பழைய ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் காணப்படும் வழக்கம். வால்வு கிராங்க் அறைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நன்று. நீளமான குழாயின் நுனியில் இருந்தால், இடையிலுள்ள காற்றே முன்னும் பின்னும் அசைந்து வால்வின் பயனைக் குறைத்துவிடும். குழாய் மடங்காமலும் ஒடுங்காமலும் இருக்க வேண்டும். வாயுவை நேராகக் காற்று வடிகட்டிக்குக் கொண்டுசென்றால் மாசு குறையும். ஆனால் இடையில் எண்ணெயைப் பிரிக்கும் குப்பி இல்லாவிட்டால் வடிகட்டி நனைந்து எஞ்சின் திணறும்.

உமிழ்வுச் சாதனங்களை நீக்குபவை இரண்டாம் வகை. பிஏவி குழாயை அடைப்பது, கரித்துகள் குப்பியைக் கழற்றுவது, வினையூக்கி மாற்றி உள்ள சைலன்சருக்குப் பதில் ‘கோல்ட்ஸ்டார்’, ‘இந்தூரி’ போன்ற பெயர்களில் விற்கும் சைலன்சர்களைப் பொருத்துவது ஆகியவை இதில் பரவலானவை. ஆக்சிலேட்டரை விடும்போது சைலன்சரில் கேட்கும் வெடிச்சத்தம் நிற்கும் என்பதே பிஏவியை அடைக்கக் கூறப்படும் காரணம். புகைபோக்கிக்குள் காற்று புகுந்து, எரியாத கலவை அங்கே எரிவதால் அந்தச் சத்தம் எழுவது உண்மையே. ஆனால் வால்வு பழுதாகிக் காற்றைத் தவறான நேரத்தில் விடுவதோ, புகைபோக்கி மூட்டு தளர்வதோதான் அதன் வழக்கமான காரணங்கள். இவற்றைச் சரிசெய்ய முடியும். பிஏவி புகைபோக்கியில் மட்டுமே காற்றைச் சேர்ப்பதால், அதை அடைப்பதால் எஞ்சினின் திறன் கூடுவதில்லை.

இவ்விரு வகைகளும் பெரும்பாலும் ஒரே பேச்சில் ‘எஞ்சினைத் திறந்துவிடுவது’ என்று சொல்லப்படுகின்றன. ஆனால் பிரீதரைப் பொறுத்தவரை எஞ்சினின் நலனும் காற்றின் நலனும் ஒன்றே. எண்ணெயைப் பிரித்து, வாயுவைத் திரும்ப எரியவைக்கும் அமைப்பு, கசிவையும் மாசையும் சேர்த்தே குறைக்கிறது.

சோதனைக் குழல் காணாத புகை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. ஆனால் நடைமுறையில் ஓடும் வண்டியின் மாசைப் பார்ப்பது மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றுச் சோதனை மட்டுமே. வண்டி நின்ற நிலையில் மெதுவாக ஓடும்போது, சைலன்சருக்குள் ஒரு குழலைச் செருகி அளவெடுக்கிறார்கள். 2000 மார்ச் வரை தயாரான இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதமும் ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 9000 பங்கும் வரம்பு. அதற்குப் பிந்தைய, பி.எஸ். 6-க்கு முந்தைய நால்வீச்சு வண்டிகளுக்கு இவை 3.5 சதவீதமும் 4500 பங்கும் ஆகும்.

பிரீதர் வழியே வெளியேறும் வாயு சைலன்சரைத் தொடுவதே இல்லை. அந்தக் குழல் அதைக் காணாது. வளையங்கள் தேய்ந்து, கிராங்க் அறையிலிருந்து பெட்ரோல் ஆவியும் எண்ணெய்ப் புகையும் தரையில் கொட்டும் வண்டியும், கார்புரேட்டரைச் சற்றே மெலிந்த கலவைக்குத் திருகிவைத்தால் சான்று பெற்றுவிடலாம். மறுபுறம், பிரீதரை ஒழுங்காகத் திருப்பிவிட்ட உரிமையாளரின் முயற்சிக்கு அந்தச் சான்றில் இடமில்லை.

இன்றைய நிலை

நிறுவனத்தின் உற்பத்தி 2013 முதல் ஒரகடத்துக்கும் பின்னர் வல்லம் வடகாலுக்கும் விரிந்தது. 2018-இல் வந்த 650 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டியின் கிராங்க், பிஸ்டன்கள் ஒன்றாக ஏறி இறங்காதபடி 270 பாகை இடைவெளியில் அமைந்தது. அதிர்வைக் குறைத்த இந்த அமைப்பில், இரு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் கிராங்க் அறைக் காற்றை அமுக்குவதும் தவிர்க்கப்பட்டது.

பழைய வார்ப்பிரும்பு புல்லட்டுகள் இன்னும் ஓடுகின்றன. தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளில் முடிவதால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவை அம்பத்தூர், பூந்தமல்லி போன்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்குப் புதுப்பிப்புக்கு வர வேண்டும். அந்த எஞ்சின்கள் எவ்வளவு காலம் தாங்கும் என்பது எண்ணெயின் நிலையைப் பொறுத்தது. எண்ணெயின் நிலையோ, அந்த விரல் பருமன் குழாயும் அதன் தடுப்பானும் சரியாக வேலை செய்வதைப் பொறுத்தது.